கெப்போங் கற்பூர மரங்களும் கிள்ளான் கடலோரமும்: ஒரே ரயில் தடத்தில் ஒருநாள் பயணம்

கோலாலம்பூர், ஜூன்: ஓங்கி வளர்ந்த மரங்களையும் கடலையும் ஒரே நாளில் பார்க்க நினைப்போர் கிழக்குக் கரை வரை போக வேண்டியதில்லை. தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகம் கேடிஎம் கொமுட்டர் தடமே போதும். காடு கெப்போங்கில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வழியாகச் செல்லும் அதே தடத்தின் கடைசி நிலையத்தில் கடல்.

நட்டு வளர்த்த காடு

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் (பிரிம்) வனப்பூங்கா, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பார்ப்பவர்கள் அதை ஆதிக்காடு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஈயம் தோண்டிப் பாழான நிலம். 1920களில் அங்கு மரம் நடும் பணி தொடங்கியது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் அது மழைக்காடாகிவிட்டது.

அங்குள்ள காப்பூர் மரங்கள்தான் பலரையும் ஈர்க்கின்றன. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாது. இடையே வாய்க்கால் போல வானம் தெரியும். பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து கிளை நுனிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம்.

தமிழருக்கு இந்த மரம் புதிதல்ல. தீர்த்தத்திலும் பொங்கலிலும் சேரும் பச்சைக் கற்பூரம் மரபாக இதன் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தச் சரக்குக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் பகுதியில், தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

அலையை ஆற்றும் மரங்கள்

கிள்ளான் துறைமுக நிலையத்துக்கு அருகிலேயே கெத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை இருக்கிறது. பயணம் சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இங்கு வெண்மணலை எதிர்பார்க்கக் கூடாது. சேறும், அதில் வேர் ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடும்தான் இந்தக் கரையின் இயல்பு. நீர் வற்றும் நேரத்தில் வேர்கள் நன்றாகத் தெரியும்.

அலையின் வேகத்தைத் தணிப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். இதன் அருமை கேரித் தீவுத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே கடலோரச் சதுப்பை வடித்து, மண்கரை கட்டித்தான் தோட்டம் போட்டார்கள். கரைக்கு வெளியே அலையாத்தி அழிந்த இடங்களில் கடல் மண்ணை அரித்தது. மரங்களை மீண்டும் வளர்க்க ஆய்வாளர்கள் முதலில் அலையைத் தடுக்கும் கல்லணை போட வேண்டியிருந்தது.

அழிந்த காட்டை மீட்கலாம் என்பதற்குக் கெப்போங் சாட்சி. ஆனால் அதற்கு மூன்று தலைமுறைக் காலம் பிடித்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதையும் சொல்லிக் காட்டலாம்.

கவனிக்க: காலையிலேயே கெப்போங் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் பிரிம் செல்லலாம். தீவுக்குப் படகு ஏறும் முன் திரும்பிவரும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.