அட்டைப்பெட்டியும் அரைநாள் ஓய்வும்

சிங்கப்பூரின் மேற்கில், 2009 வரை கிழக்கு-மேற்கு ரயில் தடத்தின் கடைசி நிலையமாக இருந்த பூன் லேயைச் சுற்றியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பிள்ளைகளின் கைவினைக்கு வேண்டிய பொருள்களுக்குப் பஞ்சம் என்று எதுவும் இல்லை. இணையத்தில் வாங்கிய சாமான்கள் வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகள், தயிர் டப்பாக்கள், சீனப் புத்தாண்டு முடிந்ததும் மிஞ்சும், பணம் வைத்துத் தரும் அங்பாவ் உறைகள், தீபாவளித் துணி வைத்துக் கொடுத்த பைகள் என்று பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரர் வரும்வரை வீட்டு மூலையில் குவிந்து கிடப்பவை ஏராளம். பஞ்சம் இருப்பதெல்லாம், எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்துகொள்ளும் நேரத்துக்குத்தான்.

அந்த நேரத்தைத் தேர்வுகள் விழுங்கிவிட்டன என்று இனியும் முழுமையாகச் சொல்ல முடியாது. தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கான தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019இல் நீக்கியது. 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வும் இல்லாமற்போனது. ஆயினும் குடும்பச் செலவின ஆய்வின்படி துணைப்பாட வகுப்புகளுக்காகச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் செலவிட்ட தொகை 2018இல் 1.4 பில்லியன் வெள்ளியாகவும் 2023இல் 1.8 பில்லியன் வெள்ளியாகவும் இருந்ததைப் பார்க்கையில், தேர்வு எழுந்துபோன நாற்காலியில் வகுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஓவியமும் கைவினையும்கூட மணிக்கணக்கும் கட்டணமும் கொண்ட வகுப்புகளாகிவிட்ட ஊரில், வீட்டில் செய்யும் கைவினையாவது வகுப்பாகாமல் தப்புவது நல்லது.

தன்னிச்சைக் கைவினை என்று இங்கே குறிக்கப்படுவது, கருப்பொருளும் செய்முறையும் முடிவும் பிள்ளையின் பொறுப்பில் இருக்க, பொருளையும் இடத்தையும் நேரத்தையும் தருவதோடு பெரியவர்கள் விலகிக்கொள்ளும் முறையாகும். ஜூரோங் பாயிண்ட் போன்ற கடைத்தொகுதிகளில் விற்கும் கைவினைத் தொகுப்புகள் இதற்கு நேர்மாறானவை: துண்டுகள் முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கும், எதன்மேல் எதை ஒட்டுவது என்ற வரிசை தாளில் அச்சிடப்பட்டிருக்கும், முடிவில் வரவேண்டிய பொருளின் படமோ பெட்டியின் மேலேயே இருக்கும். குறிப்பைப் படித்துப் பின்பற்றும் பொறுமையை அவை வளர்க்கும், அது இழிவான திறன் அன்று; ஆனால் கற்பனை செய்யவேண்டிய வேலையை எங்கோ ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்பாளர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதால், பிள்ளைக்கு எஞ்சுவது ஒட்டுவேலை மட்டுமே.

இந்த வேறுபாடு கல்வி வரலாற்றில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதாகும். ஜெர்மனியில் 1837இல் தமது பாலர் நிலையத்தைத் தொடங்கிய ஃபுரோபெல், தாள் மடிப்பையும் பின்னலையும் பாடத்துக்குள் கொண்டுவந்தாலும் அவற்றை ஒழுங்கான வரிசையில் அமைத்தார். வியன்னாவில் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், பிள்ளையின் படம் பெரியவர் படத்தின் குறைப்பிரதி அன்று, தனக்கே உரிய ஒழுங்கு உடையது என்று வாதிட்டார். 1947இல் வெளிவந்த நூலில் விக்டர் லோவன்ஃபெல்டு, வண்ணம் தீட்டும் புத்தகங்கள் பிள்ளையின் சொந்தக் கோட்டின்மேல் அவநம்பிக்கையை உண்டாக்குகின்றன என்ற அளவுக்குச் சென்றார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையில், எதை எடுப்பது என்ற தேர்வு பிள்ளையுடையது, ஆனால் எடுத்த கருவியைக் கையாளும் விதம் வகுக்கப்பட்டது. ஆகவே அவர் பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிக்கு அனுப்பிவிட்டதாலேயே கற்பனைக்கு வழி செய்தாயிற்று என்று பெற்றோர் நிம்மதி அடைவதற்கில்லை.

தமிழ் மரபிலும் இரு வழிகளும் அருகருகே காணக்கிடைக்கின்றன. குறுந்தொகையில் வரும் சிறுதேர் தச்சன் செய்து தந்தது. சிறுவர் அதில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழ்கின்றனர். சிற்றிலோ சிறுமியர் தாமே மணலில் கட்டும் விளையாட்டு வீடு. ஆண்பால் பிள்ளைத்தமிழில், பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் தங்கள் சிற்றிலை அழிக்கவேண்டாம் என்று சிறுமியர் வேண்டுவதற்கென்றே ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தால், தம் கையால் செய்த பொருளின்மீது பிள்ளைகளுக்கு உள்ள உரிமையுணர்வை அப்புலவர்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். சிங்கப்பூரில் ஐந்துகல் ஆட்டத்துக்கான சிறு துணிப்பொட்டலங்களை, தைத்து மிஞ்சிய துணியில் அரிசியோ பச்சைப்பயறோ மணலோ நிரப்பி வீட்டிலேயே தைத்துக்கொண்ட தலைமுறையினர் இன்றும் தாத்தா பாட்டிகளாக இருக்கின்றனர். அவர்களுக்கு இதெல்லாம் கோட்பாடாகச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பரிசு என்னும் விஷயம் சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது, ஏனெனில் சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் நடக்கும் வண்ணம் தீட்டும் போட்டிகள் இவ்வூர்ப் பிள்ளைப்பருவத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஆர்வம் காட்டிய பாலர் பள்ளிப் பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர்: வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்பே சொல்லப்பட்டது, இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே பின்னர் அது தரப்பட்டது, மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பறையில் வைத்து, யார் எவ்வளவு நேரம் விரும்பி வரைகிறார்கள் என்று கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்ற இரு குழுவினர் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். ஆக, தானே விரும்பிச் செய்யும் செயலுக்குக் கூலி பேசுவது, கூலி இல்லாத நாளில் அச்செயலையே தேவையற்றதாக்கிவிடக்கூடும். எதிர்பாராமல் கிடைக்கும் பாராட்டால் அந்தக் கேடு நேரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

எந்தப் பொருளைத் தருவது என்ற கேள்விக்கு, பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் 1971இல் முன்வைத்த உதிரிப்பொருள் கோட்பாடு தெளிவான விடை தருகிறது. நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் மீண்டும் வேறுவிதமாகச் சேர்க்கவும் இடங்கொடுக்கும், தனக்கென ஒரே பயன் இல்லாத பொருள்களே உதிரிப்பொருள்கள். அவை ஓரிடத்தில் எவ்வளவு வகைவகையாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்புக்கும் படைப்புக்கும் வாய்ப்பு உண்டு என்பது அவர் கருத்து. டிஷ்யூ சுருளின் உள்ளட்டை, புட்டி மூடி, பொத்தான், ஐஸ்கிரீம் குச்சி, பூச்சரம் கட்டும் நார் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பூன் லே வட்டாரத்துக்குத் தம் பெயரைத் தந்த சியூ பூன் லே (1852–1933) ஜூரோங்கில் கேம்பியர், மிளகு, ரப்பர் தோட்டங்களை நடத்தியதோடு ஹோ ஹோ பிஸ்கட் தொழிற்சாலையையும் நிறுவியவர் என்பதால், இத்தகைய துணுக்குகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பது இங்கே மற்ற ஊர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்.

பொருளின் குணம் பிள்ளையின் சுதந்திரத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அட்டையை வைத்தே காணலாம். நெளிவுத்தாள் அடுக்கப்பட்ட பெட்டி அட்டை, உள்ளே ஓடும் நெளிவின் திசையில் எளிதாக மடியும். குறுக்கே மடித்தால் முரண்டுபிடித்துக் கசங்கும். அட்டையின் விளிம்பில் பசை தடவி நிறுத்தினால் அது சரிந்து விழும். இரு அட்டைகளிலும் பாதி ஆழத்துக்குக் கீறி ஒன்றில் மற்றொன்றைச் செருகினால் பசையே இல்லாமல் நிற்கும். உருளையை நிறுத்த வேண்டுமானால் அதன் அடிவிளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு வெட்டுகளாக்கி வெளிப்புறம் மடித்து ஒட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையால் செலோடேப்பைக் கத்தரியின்றி அறுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் பெரியவரை அழைக்க நேர்கிறது. விரலாலேயே கிழிக்கக்கூடிய மாஸ்கிங் டேப்பை வாங்கிக் கொடுத்தாலோ அந்த அழைப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது. தடித்த அட்டையைக் கத்தியால் கீறுவது மட்டும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும். எங்கே கீறுவது என்ற கோட்டைப் பிள்ளை வரையட்டும்.

அடுக்குமாடி வாழ்க்கைக்கே உரிய சில இடையூறுகளும் உண்டு. வாசலுக்கு வெளியே உள்ள பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்கவேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. எனவே அட்டைக் கோட்டை எழும்ப வேண்டிய இடம் வரவேற்பறையின் ஒரு மூலைதான், அதற்கு ஒரு பழைய பாயை விரித்தால் போதும். கழுவாத டப்பாவுக்கு எறும்பும், மைதாக் கஞ்சிப்பசைக்குக் கரப்பானும் வந்து சேரும், இந்த ஈரக் காற்றில் அப்பசை விரைவில் புளித்தும்விடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கிண்டிக்கொள்வது உத்தமம். தூரிகை கழுவிய தண்ணீரைச் சன்னலோரம் விட்டுவைக்கக்கூடாது. இருபது காசு நாணயத்தின் அளவே தேங்கிய நீரும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் எச்சரிப்பதை அறியாத வீடு சிங்கப்பூரில் இருக்க முடியாது.

பெரியவர் விலகிக்கொள்வது என்றால் எதையுமே கற்றுத்தராமல் இருப்பது என்று பொருள் கொள்வது தவறு. வெட்டவும் முடிச்சிடவும் தெரியாத பிள்ளைக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெயரளவிலானது. எண்ணியதைக் கை செய்ய மறுக்கும்போது பிள்ளை பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிவிடும். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தருவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அரவிந்த் குப்தா, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர், தம் நூல்களையும் குறும்படங்களையும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இலவசமாகவே கிடைக்கச் செய்துள்ளார். அவரது பொம்மைகள் படிப்படியான செய்முறை உடையவை, ஆகவே இக்கட்டுரை கூறும் தன்னிச்சைக் கைவினையில் அவை நேரடியாக அடங்கா. எனினும் உறிஞ்சுகுழலை எப்படி வளைப்பது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வுக் குழாயால் எப்படி இணைப்பது என்ற நுட்பம் ஒருமுறை கைவந்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை அதை வேறு எதற்கோ பயன்படுத்திக்கொள்ளும். இத்தகைய கைப்பழக்கத்துக்கு, நகருக்குள் செல்ல வாய்ப்புள்ள குடும்பங்களுக்கு, 2015இல் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தில் உள்ள கெப்பல் கலைக் கல்வி நிலையமும் உண்டு.

விலகி நிற்பதில் கடினமானது வாயை அடக்குவதே. இலட்சக்கணக்கான சிறுவர் ஓவியங்களைத் திரட்டி ஆராய்ந்த ரோடா கெல்லாக், மிகச் சிறு பிள்ளைகளின் கிறுக்கல்கள் எந்தப் பொருளையும் குறிக்காமலே தமக்குள் ஒழுங்கு கொண்டவை என்று காட்டினார். அத்தகைய கிறுக்கலைப் பார்த்ததும் இது என்ன, யானையா என்று கேட்டுவிட்டால், பிள்ளை பெரியவரின் மனநிறைவுக்காக ஆம், யானைதான் என்று சொல்லிவிடும். அதற்குப் பதிலாக இந்த மடிப்பை எப்படி மடித்தாய், இதை எங்கே செருகினாய் என்று வினவுவது, மதிப்பெண் போடாத பேச்சுக்கு வழி திறக்கிறது. ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட பல தமிழ்க் குடும்பங்களில், கீறு, செருகு, நெருடு, இழைபிரி, முடிச்சு அவிழ் என்பன போன்ற வினைச்சொற்கள் பாடநூலில் இல்லாமலே இவ்வேலையின் நடுவில் பாட்டியின் வாயிலிருந்து பேரப்பிள்ளையிடம் சென்று சேர்கின்றன, மொழி வகுப்பு என்று யாரும் பெயரிடாமலே.

செய்தவை சேரச் சேர வீட்டில் இடமின்றிப் போவது உண்மையான சிக்கல். ஒரு தட்டை மட்டும் காட்சிக்கு ஒதுக்கி, புதியது ஏறும்போது பழையதில் எது இறங்குவது என்பதைப் பிள்ளையிடமே விடுவது இயன்ற வழியாகும். இறங்கியதைப் பிரித்து மூடிகளையும் குச்சிகளையும் டின்னுக்குள் போட்டுவிட்டு, பசையும் வண்ணமும் அப்பிய அட்டையைக் குப்பையிலும் சுத்தமான அட்டையை மட்டும் புளோக்கின் கீழே உள்ள நீல மறுசுழற்சித் தொட்டியிலும் சேர்க்கலாம். பிள்ளை பள்ளிக்குச் சென்றிருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் அள்ளிக் கொட்டுவதுதான் செய்யக்கூடாதது.