டிரெய்லர் இழுப்போர் கவனத்திற்கு: வெள்ளை வயரும் அவசர பிரேக் கம்பியும்

கோப்பெங்: ஈப்போவிலிருந்து கம்பாருக்குச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையைப் பொழுது சாயும் வேளையில் பயன்படுத்துவோருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர் தோட்டப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுகிறது. இழுக்கும் டிராக்டரில் விளக்கு எரிகிறது. டிரெய்லரின் பின்புறம் ஒன்றுமே இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் வருபவருக்கு அது வண்டியாகவே தெரியாது, வெறும் இருட்டு.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் உயிரிழந்தனர். அது டிரெய்லர் விபத்து அல்ல. ஆனால் அதன் பிறகு கனரக வாகனங்கள் மீதான சோதனை தீவிரமானது. வர்த்தக லோரிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையங்களில் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற விதியும் ஏற்கெனவே உண்டு. இருந்தும், இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே டிரெய்லரைத் தினமும் மாட்டிக் கழற்றுபவர் ஓட்டுநர்தான். கோளாறு தொடங்குவதும் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான்.

டிரெய்லர் பிளக்கில் வழக்கமாக 7 ஊசிகள் இருக்கும். அனைத்துலகத் தர முறைப்படி மஞ்சள் வயர் இடது சிக்னலுக்கும் பச்சை வலது சிக்னலுக்கும் உரியவை. சிவப்பு பிரேக் விளக்கு. கறுப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு. வெள்ளைதான் எர்த். நிறம் ஒன்றாக இருந்தாலும் ஊசி எண் மாறும்: 12 வோல்ட் பிக்அப்பில் வெள்ளை வயர் 3ஆம் எண்ணில், 24 வோல்ட் லோரியில் 1ஆம் எண்ணில். பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் நிறத்தையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. முன்பு யாரோ கையில் கிடைத்த வயரை ஒட்டுப் போட்டிருப்பார்கள். சோதனை பல்பு வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நல்லது.

இடது சிக்னல் போட்டால் மற்ற விளக்குகளும் மங்கலாக மினுக்குகின்றனவா? பல்பை மாற்றிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். எர்த் சரியில்லை, திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் மற்ற பல்புகள் வழியாகப் போகிறது. கொக்கியின் இரும்பே எர்த்துக்குப் போதும் என்று சிலர் வெள்ளை வயரை விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் துருவும் படிந்த கொக்கி, அதுவும் பேராக் மழையில், எத்தனை நாளைக்குத் தாங்கும்? பெயிண்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் வெள்ளை வயரை இறுக்கி முடுக்க வேண்டும்.

பிரேக் கதை வேறு. கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடும்போதும் அது வேலை செய்ய வேண்டும். பிரேக் பொருத்திய சிறிய டிரெய்லர்களில் இதற்கென ஒரு மெல்லிய கம்பி உண்டு. பிரிந்ததும் அது கைபிரேக்கை இழுக்கும். மின்பிரேக் உள்ளவற்றில் அது ஒரு ஊசியைப் பிடுங்க, டிரெய்லரிலுள்ள சிறு பேட்டரி பிரேக்கை இயக்கும். அமெரிக்க விதிப்படி அந்தப் பிடி குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். செத்த பேட்டரியால் அது நடக்காது.

இந்தக் கம்பியை இணைப்புக் குண்டிலேயே சுற்றிவிடும் பழக்கம் ஆபத்தானது. குண்டு உடைந்து விழுந்தால் கம்பியும் கூடவே போய்விடும். வாகனச் சட்டத்தில் தனி இடத்தில் மாட்ட வேண்டும். வளைவில் இழுபடாத, தரையில் உரசாத நீளம் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டினால், கழன்ற முனை சாலையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும்.

குவா தெம்புரோங் பகுதியில் நெடுஞ்சாலையைக் கடக்கும் பெரிய டிரெய்லர் லோரிகளுக்குக் காற்று பிரேக். ரயிலுக்காக 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்டுபிடித்த யோசனைதான் இதற்கும் அடிப்படை: காற்றழுத்தம் போனால் பிரேக் பிடிக்கும். லோரியிலிருந்து வரும் சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லர் தானே நின்றுவிடும்.

ஆனால் ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர்களில், பிடித்து வைத்திருப்பது தொட்டியில் மிஞ்சிய காற்று மட்டுமே. சில மணி நேரத்தில் அது கசிந்தால் சரிவில் நிறுத்திய டிரெய்லர் உருளத் தொடங்கும். கோயில் தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவது நம்மவர்களுக்குத் தெரிந்ததே. பேச்சு வழக்கில்தான் அந்தச் சொல் வெறும் தடங்கலாகிவிட்டது. தோட்டத்து மேட்டில் டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன்பே, சரிவுப் பக்கமாக இரண்டு சக்கரங்களுக்கும் அதைப் போட்டுவிட வேண்டும்.