நோய்க்குப் பின் ஒரு நிதானமான பயணம்: கம்பம் பள்ளத்தாக்கிற்கு நான்கு நாள்கள்

நோயிலிருந்து மீண்டு வருவோர் புறநோயாளர் பிரிவில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மருந்தையும் உணவையும் பற்றியவை. அவற்றையெல்லாம் கேட்டு முடித்து, எழுந்து செல்லும் வேளையில் தயக்கத்துடன் ஒரு கேள்வி வருவதுண்டு: "காரில் எங்கேனும் வெளியூர் போய் வரலாமா?" உடன் வந்திருப்பவர் உடனே குறுக்கிட்டு, "அதெல்லாம் இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே அறையின் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயலும் மலையும் காணும் ஆவல் எழுவது இயல்பே. அவரை இரவு பகலாகக் கவனித்து வருபவருக்கு, வழியில் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுவதும் இயல்பே. அச்சத்தைத் திட்டமாக மாற்றிக்கொண்டால் ஆவலும் நிறைவேறும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக, மதுரையிலிருந்து தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் மருத்துவரின் ஒப்புதல்

யார், எப்போது பயணம் செய்யலாம் என்பதற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் காத்திருக்க வேண்டிய காலம் வேறு. ஆகவே, நாளைக் குறிப்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: நான் இப்போது பயணம் செய்யலாமா? தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்காரலாம்? ஒரு நாளில் எவ்வளவு நீர் அருந்தலாம்? மருந்து வேளைகளில் மாற்றம் ஏதேனும் தேவையா?

பைபாஸ் அறுவையில் பிளக்கப்பட்ட மார்பெலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். அதுவரை அவர் வண்டி ஓட்டலாகாது. கனமான பெட்டிகளைத் தூக்கலாகாது. பயணியாகச் செல்ல மருத்துவர் இசைந்தால் பின்னிருக்கையில் அமர்வது நலம். மார்புத் தழும்பில் உறுத்தும் என்று இருக்கைப் பட்டையை அணியாமல் விடுவது பெருந்தவறு. பட்டைக்கும் மார்புக்கும் இடையே மடித்த மெல்லிய துண்டை வைத்துக்கொண்டு அணியவேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் எக்காரணம் கொண்டும் ஒரு முறையைத் தவறவிடலாகாது. இரு முறைகளுக்கு இடைப்பட்ட நாளில், காலையில் சென்று மாலையில் திரும்பும் குறும்பயணமே அவருக்கு ஏற்றது.

ஒப்புதல் கிடைத்த பின்னும் நேரே நெடும்பயணம் புறப்பட வேண்டாம். ஒரு மாலை வேளையில் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றி வாருங்கள். முதுகு வலித்ததா, தலை சுற்றியதா, எத்தனை முறை சிறுநீர் கழிக்க நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு மணி நேரம் பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

இந்த வழி ஏன்?

மீண்டு வருபவருக்கான வழியில் மூன்று பண்புகள் இருத்தல் வேண்டும்: சாலை பெரும்பாலும் சமதளமாக இருக்கவேண்டும், ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கவேண்டும், இறங்கி நடக்க இயலாதவரும் வண்டியில் அமர்ந்தபடியே காணத்தக்க காட்சிகள் இருக்கவேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இம்மூன்றும் பொருந்துகின்றன. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தபின் இருபுறமும் மலைகள் தொடர்ந்து வருகின்றன. சாலையோ பள்ளத்தாக்கின் தரையிலேயே செல்கிறது.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகமலைச் சாலையிலும் கொண்டை ஊசி வளைவுகள் பல உள்ளன. உயரமும் குளிரும் வளைவுகளும் இதயம் அல்லது நுரையீரல் தளர்ந்தவருக்குச் சுமையாகலாம். மலையின் மேலேறாமல் மலையைக் கண்டு மகிழ விரும்புவோர்க்குப் பள்ளத்தாக்கே பொருத்தமானது.

காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் இப்பகுதியில் காற்று மிகக் கடுமையாக வீசும். ஆஸ்துமா உள்ளவர்க்குத் தூசி தொல்லை தரும். ஏப்ரல், மே மாதங்களின் வெயிலும் ஏற்றதன்று. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும், இரண்டாம் போக நெல் வயலில் பசுமையாக நிற்கும்.

நான்கு நாள் திட்டம்

உடல்நலம் உள்ளவர் ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவு இது. நாம் அதை நான்கு நாள்களாக்குகிறோம். எந்த நாளிலும் 100 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

முதல் நாள்: காலை உணவையும் மருந்தையும் முடித்துக்கொண்டு ஏழு மணியளவில் மதுரையிலிருந்து புறப்படலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உசிலம்பட்டி. அங்கு வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். அடுத்து ஆண்டிபட்டிக் கணவாய். அதைக் கடந்து சில கிலோமீட்டர் விலகிச் சென்றால் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை. 111 அடி உயரமுள்ள இவ்வணையில் 71 அடி வரை நீர் தேக்குகிறார்கள். மேலே ஏறவேண்டும் என்பதில்லை. கீழே பூங்காவின் நிழலில் அமர்ந்திருப்பதே போதும். நண்பகலுக்குள் தேனியை அடைந்து, உணவுக்குப்பின் நான்கு மணி வரை படுத்து ஓய்வெடுக்கவேண்டும். மாலையில் விருப்பமிருந்தால் முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சென்று வரலாம். சித்திரைத் திருவிழாக் காலத்தில் அங்கு பெருங்கூட்டம் கூடும்; நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் அக்காலத்தைத் தவிர்ப்பது நலம்.

இரண்டாம் நாள்: தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இப்பயணத்தின் மிக அழகிய பகுதி இதுவே. நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று காட்சி மாறிக்கொண்டே வரும். ஆதலால் இப்பகுதியை விரைந்து கடக்கவேண்டாம். பாதுகாப்பான இடமாகப் பார்த்து, சாலையை விட்டு விலக்கி வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். கம்பத்தில் தங்கி, மாலையில் சுருளிப்பட்டிப் பக்கம் உள்ள திராட்சைத் தோட்டங்களைக் காணலாம். கம்பம் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. சுருளி அருவிக்குச் செல்ல நடக்கவேண்டும். அருவிக்கருகில் பாறைகள் வழுக்கும். நடை தளர்ந்தவர் அதை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதே அறிவுடைமை.

மூன்றாம் நாள்: காலையில் கூடலூர் வழியாக லோயர் கேம்ப். அங்கே பென்னிகுயிக்கின் மணிமண்டபம் உள்ளது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பணியை முன்னின்று நடத்தியவர் அவர். 1895-இல் நிறைவேறிய அப்பணியால்தான் இப்பள்ளத்தாக்கும் வைகைப் பாசனப் பகுதிகளும் பசுமை பெற்றன. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் இவ்வூர்களில் பொங்கல் வைப்பது இன்றும் வழக்கம். முந்தின நாள் கண்ட வயல்கள் எங்கிருந்து நீர் பெறுகின்றன என்பதை அறிந்தபின் அவற்றை மறுபடியும் கடந்து தேனிக்குத் திரும்பலாம். குமுளி மலைச்சாலை இங்கிருந்துதான் ஏறுகிறது. நாம் அடிவாரத்திலேயே திரும்பிவிடுகிறோம்.

நான்காம் நாள்: தேனியில் காலை உணவை முடித்து, இளவெயிலில் மதுரைக்குத் திரும்புதல்.

வழியில் உள்ள மருத்துவமனைகள்

உசிலம்பட்டியில் அரசு மருத்துவமனை உள்ளது. ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. இவற்றைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் வரிசையாக எழுதி ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கான சிறப்புச் சிகிச்சை எங்கு கிடைக்கும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தே இருத்தல் கூடாது

நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கெண்டைக்காலின் ஆழ்ந்த சிரைகளில் குருதி தேங்கி உறையக்கூடும். அண்மையில் அறுவை செய்துகொண்டவர்க்கும், புற்றுநோய் உள்ளவர்க்கும், முதியோர்க்கும் இந்த ஆபத்து மிகுதி. அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு. ஆகவே ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். வண்டிக்குள் இருக்கும்போதும் குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

மருந்தும் உணவும்

மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் மூன்று நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அவை கைப்பையில் இருக்கவேண்டும். வண்டியின் பின்பெட்டியில் வைக்கலாகாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் மிக விரைவில் ஏறும். இன்சுலின் அவ்வெப்பத்தில் வீரியம் இழந்துவிடும். குளிர்காப்புப் பையில், பனிக்கட்டி நேரே படாதவாறு துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது.

வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சி நீர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். அதனால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத்திணறல் வரக்கூடும். மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், நிறுத்தவேண்டாம்.

பள்ளத்தாக்கின் விளைபொருள்களிலும் எச்சரிக்கை தேவை. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அவை இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். நலம் உள்ளவர்க்கு அமுதமான இளநீர் அவர்க்கு ஆகாது. நீரிழிவு உள்ளவர் திராட்சையைச் சுவைக்கலாம். ஆனால் கொத்துக் கொத்தாக உண்ணலாகாது. உணவு வேளை தள்ளிப்போவதும் அவர்க்கு ஆபத்தே. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

நெஞ்சுவலி வந்தால்

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். நோயாளியை அமரச் செய்யுங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தால் அமர்ந்த நிலையில் ஒன்றை வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அத்தகைய மாத்திரை இல்லாதவர் உடனே அழைக்கவேண்டும். அருகில் உள்ள ஊர், கிலோமீட்டர் கல்லின் எண், கடந்து வந்த ஊர் ஆகியவற்றைச் சொன்னால் ஆம்புலன்ஸ் விரைந்து வந்து சேரும். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு.

உடன் செல்வோர்க்கு

நோயாளியைக் கவனிப்பவரே வண்டியையும் ஓட்டலாகாது. இரு பணிகளும் முழுக் கவனத்தைக் கோருபவை. இயன்றால் உறவினர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவேனும் அவர் கண்காணிக்க, நீங்கள் உறங்கலாம். பல மாதங்களாக விழித்திருந்த உங்களுக்கும் இப்பயணம் உரியதே.

விடுதியைப் பதிவு செய்யும்போது தரைத்தள அறை, உட்காரும் வகைக் கழிப்பறை, குளியலறையில் வழுக்காத தரை ஆகியவை உள்ளனவா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

புறப்படும் முன் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வாருங்கள். யார், எப்போது "திரும்பிவிடலாம்" என்று சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் இசையவேண்டும். இந்த உரிமை தமக்கு இருப்பதை அறிந்த நோயாளி களைப்பை மறைக்கமாட்டார். உசிலம்பட்டியோடு திரும்பினாலும் அது தோல்வியன்று. அடுத்த முறை ஆண்டிபட்டி வரை செல்லலாம்.

கைப்பையில் இருக்கவேண்டியவை

• டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி, ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் அட்டை ஆகியவற்றின் நகல்கள்
• மருந்துகளின் பெயர், அளவு, வேளை எழுதிய தாள். ஒவ்வாத மருந்துகளின் பெயர்
• மருத்துவர், மருத்துவமனை, உறவினர் ஆகியோரின் தொலைபேசி எண்கள்
• காப்பீட்டு அட்டை
• இரத்த அழுத்தமானி. நீரிழிவு உள்ளவர்க்குக் குளுக்கோமீட்டர், சர்க்கரை
• குடிநீர், எளிய தின்பண்டம், தொப்பி, போர்வை, சிறு தலையணை

திரும்பி வந்தபின் அடுத்த பரிசோதனையின்போது உங்கள் மருத்துவரிடம் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எங்கே மூச்சு வாங்கியது, எந்த இரவு நன்றாக உறங்கினீர்கள் என்பவையெல்லாம் அவருக்குப் பயன்படும் செய்திகள். அடுத்த பயணத்தை எங்கே அமைக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.