பிரேக் சக்கரத்தை விட மறுக்கிறதா? பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பந்திங்: 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி மலாயாச் சாலைகளில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் காரைச் சில குடும்பங்கள் இன்றும் பாதுகாத்து வருகின்றன. அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது இத்தகைய கார்களில் அடிக்கடி வரும் கோளாறு.

பெட்ரோல்தானே கூடுதலாகச் செலவாகிறது என்று இதை விட்டுவிடக்கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உரசும் பிரேக் கடுமையாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதி அடிவரை இறங்கிவிடும். மோரிப் கடற்கரைக்குப் போகும்போது இறுகிய பிரேக், திரும்பும்போது பிடிக்காமலே போகலாம்.

உதிரிப்பாகம் வாங்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இறுகிய சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்துங்கள். டிரம் ஆறிய பிறகும் சக்கரம் இறுகியிருந்தால், அதன் பின்புறமுள்ள காற்று எடுக்கும் திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள்.

எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் சுழன்றால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். முன்சக்கரம் ஒன்று மட்டும் இறுகினால் அதன் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே ஹோஸ் என்பதால், அது அடைத்தால் இரண்டும் சேர்ந்தே இறுகும். நான்கும் இறுகினால் ஓட்டுநர் காலடியில், தளத்துக்குக் கீழுள்ள மாஸ்டர் பம்பைப் பாருங்கள். மிதிக்குச் சிறிது தளர்வு இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கும்.

திருகாணியைத் தளர்த்தியும் சக்கரம் சுழலவில்லையென்றால் கோளாறு டிரம்முக்குள் இருக்கிறது. துருவேறிய வீல் பம்ப், தளர்ந்த ஸ்பிரிங், அளவுக்கு மீறி இறுக்கிய ஷூ ஆகியவை காரணமாகலாம். பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்க வேண்டும்.

பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். என்ஜின் எண்ணெயை ஒருபோதும் பிரேக்கில் ஊற்றாதீர்கள். ரப்பர் பாகங்கள் வீங்கிவிடும். நமது ஈரமான தட்பவெப்பத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றுவது நல்லது.

திருகாணியை மீண்டும் இறுக்கி, காற்றை முழுவதும் வெளியேற்றி, மிதி கெட்டியாக நிற்பதை உறுதிசெய்த பிறகே காரைச் சாலையில் இறக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் காரணத்தை மட்டும் கண்டறிந்து, பழுதைப் பட்டறையில் ஒப்படைப்பதே பாதுகாப்பு.