இருவாய்ச்சியும் பாறை இலைக்கனும்

உலர் வலயத்திலே குளத்து நீரை நம்பி நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர், குளத்திற்கு மேலேயுள்ள காட்டையும் தம் கமத்தின் ஒரு பகுதியாகவே கருதுதல் வேண்டும். அக்காட்டிலே கூலியின்றி உழைக்கும் உயிர்கள் பல உள. அவற்றுள் இருவாய்ச்சிப் பறவையையும், பாறையிற் படரும் இலைக்கனையும் ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

சாம்பல் நிற இருவாய்ச்சி இலங்கைக்கே உரிய பறவையாகும். இது ஆல், அத்தி முதலிய மரங்களின் பழங்களை உண்டு, விதைகளை வேறிடங்களிற் சேர்க்கின்றது. பூச்சிகளையும் இரையாகக் கொள்ளும். பெண்பறவை முதிர்ந்த மரத்தின் பொந்தினுட் புகுந்து, ஒரு சிறு பிளவு நீங்கலாக வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண்பறவை அப்பிளவின் வழியே இரையூட்டும்.

இலைக்கன் தனியொரு தாவரமன்று; பங்கசும் அல்காவும் கூடிவாழும் கூட்டுடலாகும். இவ்வுண்மையை 1867 ஆம் ஆண்டிலே சுவிற்சலாந்துத் தாவரவியலறிஞர் சைமன் சுவெண்டனர் எடுத்துரைத்தார். அல்கா சூரியவொளியைக் கொண்டு உணவாக்கும். பங்கசு அதற்கு உறைவிடமளிக்கும். இலைக்கனுக்கு வேரில்லை. கோடையிலே காய்ந்து கிடந்து, மழை வீழ்ந்ததும் மீண்டும் உயிர்ப்புறும். அது சுரக்கும் அமிலங்கள் பாறையை மெல்ல அரிக்க, உதிரும் துகள்கள் உக்கிய பகுதிகளோடு கலந்து மண்ணாகின்றன.

பறவை ஒரே நாளிற் பல மரங்களை நாடும். இலைக்கனோ இருந்த இடத்திலேயே வளரும். பாறையோடு ஒட்டிப் படரும் வகைகள் பல ஆண்டிற்கு 1 மில்லிமீற்றரோ அதனினும் குறைவாகவோதான் வளர்கின்றன. ஒன்று விதையைப் பரப்பும். மற்றொன்று விதை ஊன்றுதற்கு மண்ணை ஆக்கும். இரண்டும் துணையின்றி வாழமாட்டா. ஆண்பறவை மடியின் பொந்திலுள்ள குஞ்சுகளும் மடிய நேரும். அல்கா அழியின் பங்கசும் அழியும்.

காட்டுத்தீ இவ்விரண்டையும் ஒருங்கே அழிக்கும். ஒரு பொழுதில் எரிந்ததை மீளப்பெறப் பல்லாண்டுகள் செல்லும். அதற்கிடையில், மரமற்ற மேட்டுநில மண்ணை மாரிமழை அரித்துக் குளத்திலே சேர்க்கும். குளம் தூர்ந்தால் நீர்க்கொள்ளளவு குறையும். சிறுபோகச் செய்கையே முதலிற் பாதிப்புறும்.

ஆகவே கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. காட்டோரத்திலே குப்பைகூளங்களை எரித்தலாகாது.
2. பொந்துள்ள முதுமரங்களையும், ஆல், அத்தி மரங்களையும் வெட்டாது விடுதல் வேண்டும்.
3. பாறைகளிற் படர்ந்துள்ள இலைக்கனைச் சுரண்டுதலாகாது.
4. இருவாய்ச்சியை வேட்டையாடுவதைத் தடுத்தல் வேண்டும்.

இவற்றிற்குப் பணச்செலவு யாதுமில்லை. மேலுள்ள காட்டைக் காப்பவர் கீழுள்ள வயலையே காக்கின்றனர்.