வெள்ளரிப்பழம் வெள்ளரிக்காயின் பழமா?

சித்திரை வெயிலில் செந்துறையிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் போகும்போது, சாலையோரத்தில் வெடித்த வெள்ளரிப்பழங்களைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருக்கலாம். வெல்லம் சேர்த்துச் சாப்பிட்டால் வயிறு குளிரும்! இது எந்தக் காயின் பழம்? "வெள்ளரிக்காயின் பழம்தான்" என்பீர்கள். அதுதான் இல்லை!

தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரிக்காயின் அறிவியல் பெயர் குக்குமிஸ் சடைவஸ். அதன் செல்லில் 14 குரோமோசோம்கள் உள்ளன. வெள்ளரிப்பழமோ குக்குமிஸ் மெலோ. இதற்கு 24 குரோமோசோம்கள். எனவே இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் கடைகளில் விற்கும் முலாம்பழமும் குக்குமிஸ் மெலோதான். அது வெள்ளரிப்பழத்துடன் எளிதில் கலந்துவிடும்.

இதனால் என்ன என்கிறீர்களா? உங்கள் பாட்டி பல ஆண்டுகளாகக் காத்துவரும் வெள்ளரிப்பழ விதையைக் கொல்லையில் ஊன்றுகிறீர்கள். பக்கத்து வீட்டில் முலாம்பழக் கொடி படர்ந்திருக்கிறது. தேனீ ஒன்று அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவருகிறது. இந்த ஆண்டுப் பழத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மாற்றம் விதைக்குள் ஒளிந்திருக்கும். அடுத்த ஆண்டு அந்த விதையிலிருந்து வேறொரு பழம் காய்க்கும். பாட்டியின் ரகம் போய்விடும்!

இதைத் தடுக்க ஓர் எளிய சோதனை செய்வோமா? தை, மாசியில் ஒன்றரை அடி அகலக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, நான்கைந்து விதைகளை ஊன்றுங்கள். முளைத்ததும் வலுவான இரண்டை மட்டும் விடுங்கள். பூ விடும் காலத்தில் கவனியுங்கள்: அடியில் குட்டிப் பிஞ்சுடன் இருப்பது பெண் பூ, வெறும் காம்புடன் இருப்பது ஆண் பூ. மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி மஞ்சளாக இருக்கும். அத்தகைய ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். பிறகு பெண் பூவை மீண்டும் கட்டி, காம்பில் வண்ண நூலால் அடையாளம் இடுங்கள். அந்தப் பழத்தின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் படாமல் வையுங்கள்.

ஒரு ரகம் போனால் என்ன நஷ்டம்? 1920-களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முலாம்பழத் தோட்டங்களைச் சாம்பல் நோய் பாழாக்கியது. அதைத் தாங்கும் பண்பு, இந்தியாவிலிருந்து சென்ற மெலோ விதையில் கிடைத்தது. அதைக் கலந்து உருவாக்கிய ரகத்தை 1936-ல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ரகத்தையும் தாக்கும் புதிய பூஞ்சாணம் தோன்றியது. விஞ்ஞானிகள் மறுபடியும் விதைகளைத் தேடவேண்டியதாயிற்று.

நாளை எந்த நோய் வரும், எந்த விதை அதைத் தாங்கும் என்று முன்கூட்டி யாரால் சொல்ல முடியும்? அதுவரை அந்த விதை எங்கேனும் உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் கொல்லையிலுள்ள ஒரு குழி அதற்குப் போதும்!