ஷிஃப்ட் முடிந்த பிறகும் தூரிகை பிடிக்கலாம்

வேலையை விடாமல் ஓவியம் வரைய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆஷிங்டன் கதையைத்தான் சொல்வேன். இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்தில் உள்ள நிலக்கரி ஊர் அது. 1934-இல் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் அங்கே ஓவிய ரசனைக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். நியூகாசிலிலிருந்து வந்த ஆசிரியர் ராபர்ட் லயன், மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைத் திரையில் காட்டிப் பார்த்தார். அவர்களுக்கு ஒட்டவே இல்லை. வரைந்தால்தான் புரியும் என்று முடிவுசெய்து அவர்களையே வரையவைத்தார்.

லினோலியத்தைச் செதுக்கி அச்செடுப்பதில் தொடங்கினார்கள். பிறகு வண்ணத்துக்கு வந்தார்கள். கித்தானுக்குப் பதில் ஒட்டுப்பலகை, அட்டை. சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டும் உதவியது. ஜிம்மி ஃப்லாய்ட் புறாக்கூண்டுகளை வரைந்தார். ஆலிவர் கில்பர்ன், தாழ்ந்த கூரைக்கடியில் கரி வெட்டும் ஆட்களை வரைந்தார். குனிந்த முதுகு எங்கே வளையும், பாரம் எந்த முழங்காலில் இறங்கும் என்பது அந்த வேலை செய்த உடம்புக்குத்தான் தெரியும். மாடலை உட்காரவைத்து வரைபவருக்கு அது லேசில் வாய்க்காது. முழுநேரமாக இறங்கினால்தான் கலை கைகூடும் என்பாரும் உண்டு. ஓய்வு பெறும்வரை கில்பர்ன் சுரங்கத் தொழிலாளிதான். இக்குழுவின் படங்களோ 1980-இல் சீனா வரை போய்வந்தன.

திறமை அங்கே மட்டும் விளையவில்லை. அவர்களுக்குப் பொழுது இருந்தது, அதுதான் விஷயம். அவர்களும் ஷிஃப்ட் பார்த்தவர்கள்தான். ஆனால், 1930-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க வேலையை நாளுக்கு 7½ மணி நேரமாகக் குறைத்திருந்தது. சுரங்கமும் வீடும் நடை தூரம். கூடி வரைய, பின்னாளில் தங்களுக்கென்று ஒரு கொட்டகையும் வைத்திருந்தார்கள்.

ஒரகடத்திலோ ஓசூரிலோ மெஷின் முன் நிற்கும் பையனை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பள்ளியில் ஓவியப் பரிசு வாங்கியவனாகவே இருக்கட்டும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நைட் என்றால் அவன் எந்த வகுப்பில் சேருவான்? ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் கம்பெனி பஸ்ஸில் போகும் நேரம் வேறு. மீதியை ஓ.டி. தின்றுவிடுகிறது; வீட்டுக்குப் பணம் தேவை என்பதால் அவனாலும் மறுக்க முடிவதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. ஊதியம், உடல்நலம், குடும்பம் என்று அப்போது நிறையப் பேசினோம். மாலைப்பொழுது பறிபோனால் ஒருவன் கையிலிருக்கும் கலையும் போகும் என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதுங்கள்: கேட்கிறவர்களுக்கு, ஷிஃப்ட் மாறினாலும் மாறாத ஒரு மாலை, வாரா வாரம்.